இரவில் கதை எழுதிய ஆசிரியர்

பேய்க்கதை எழுதுகிறவர் என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, மெழுகுவர்த்தி, கலைந்த தலை, சிவந்த கண்கள். நானும் என் அறுபதாவது வயதுவரை ஏறக்குறைய இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பணி ஓய்வுபெற்ற பின்னர், என் மகள் கொடுத்த புத்தகம் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுத்துக் கலையைப் பற்றியும் தம் வாழ்வைப் பற்றியும் எழுதி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. அதில் நான் கண்ட பேய்க்கதை எழுத்தாளர் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆம், அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அதனால்தான் இந்தத் தலைப்பைப் பேச ஒப்புக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய்க்கதைகளில் எனக்குப் பற்று இல்லை. அவருடைய நாவல்களிலே சில, வேண்டியதற்கு மேல் நீண்டவை என்பதும் என் கருத்து. 2003இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறநிலையம் அவருக்கு இலக்கியப் பணிக்கான பதக்கம் அளித்தபோது, பேராசிரியர் ஹெரால்டு புளூம் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. புகழ் வருமுன் அவர் வாழ்ந்த நாட்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேன் என்று ஒரு மாநிலம் உண்டு. குளிர்காலத்தில் பனி மூடிக்கிடக்கும் நாடு. அங்கே போர்ட்லண்டு நகரில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பிறந்தவர் கிங். இரண்டு வயதாக இருக்கும்போது தந்தை வீட்டைவிட்டுப் போனவர், போனவர்தாம். தாயார் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் முதலில் படக்கதைப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினான். தாய் அதைப் படித்துவிட்டு, பிறர் கதையை ஏன் எழுதுகிறாய், உனக்கென்று ஒன்று எழுதலாமே என்றாள். அவன் ஒரு முயலையும் அதன் தோழர்களையும் வைத்து நான்கு கதைகள் எழுதினான். கதை ஒன்றுக்குக் கால் டாலர் வீதம் தாய் கொடுத்தாள். அவன் எழுத்தால் ஈட்டிய முதல் ஒரு டாலர் அதுவே.

பிறகு பத்திரிகைகளுக்கு அனுப்பத் தொடங்கினான். திரும்பி வந்த கதைகளுடன் வரும் மறுப்புச் சீட்டுகளைச் சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் குத்திவைத்தான். பதினான்கு வயதுக்குள் அந்த ஆணி பாரம் தாங்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டுப் பெரிய இரும்பு முளை ஒன்றை அடித்தான். ஒரு பத்திரிகையிலிருந்து வந்த சீட்டில் கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாள்களைக் கம்பி அடித்து இணைக்காதே, கிளிப் போட்டு அனுப்பு என்று மட்டும் எழுதியிருந்ததாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விடைத்தாளைத் தைத்த நூல் சரியில்லை என்று பையனைக் கடிந்துகொண்டு, அவன் எழுதியிருந்த விடையைப் பாராமல் விட்ட நாட்கள் எனக்கும் உண்டு.

இனி நான் சொல்ல வருவது இரண்டு பள்ளிக்கூட நிகழ்ச்சிகள். இவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1961ஆம் ஆண்டில் ஒரு திகில் திரைப்படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த சிறுவன், அந்தக் கதையைத் தன் போக்கில் எழுதி, தமையன் வைத்திருந்த சிறு அச்சுப்பொறியில் படிகள் எடுத்து, பள்ளிக்கு எடுத்துச் சென்று ஒரு படி கால் டாலர் என்று விற்றான். பிற்பகலுக்குள் கைநிறையக் காசு. பள்ளி முடியும் வேளையில் தலைமையாசிரியை அழைத்தார். பள்ளியை அங்காடியாக்காதே என்று கண்டித்தார். காசை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அது போகட்டும், ஒழுங்குமுறை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. உனக்கு நல்ல எழுத்துத் திறன் இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் குப்பையை எழுதுகிறாய் என்றும் கேட்டார். அந்தக் கேள்வி அவரை நெடுநாள் விடவில்லை. தாம் எழுதுவதைக் குறித்துத் தாமே வெட்கப்படும் வழக்கம் தமக்கு நாற்பது வயதுவரை நீடித்தது என்று எழுதுகிறார். அந்த அம்மையார் செய்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாவது நிகழ்ச்சி, லிஸ்பன் ஊர் உயர்நிலைப் பள்ளியில். நம் கணக்கில் பத்தாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மாணவன் கிங், ஆசிரியர்களைக் கேலி செய்து ஒரு பத்திரிகையைத் தயாரித்துச் சுற்றுக்கு விட்டான். அகப்பட்டுக்கொண்டான். மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். சில நாட்கள் பள்ளி நேரம் முடிந்த பிறகு உட்கார்த்தியும் வைத்தார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் மாணவர்க்கு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். அடங்காத பேனாவுக்கு ஒரு வேலை கொடுத்தாலென்ன என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அவ்வூர் வாரப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதும் வேலைக்கு அவனை அனுப்பிவைத்தார்கள். சொல்லுக்கு அரை சென்ட் கூலி. அந்தப் பத்திராதிபர் ஜான் கோல்டு என்பவர், பையன் எழுதிவந்த கூடைப்பந்துச் செய்தியை எடுத்துக் கறுப்புப் பேனாவால் வேண்டாத சொற்களை அடித்துக் காட்டினார். பள்ளியிலும் கல்லூரியிலும் இலக்கணமும் இலக்கியமும் பல ஆண்டுகள் படித்தேன், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கற்றதுதான் மிகுதி என்கிறார் கிங். எழுதும்போது கதவைச் சாத்திக்கொண்டு எழுது, திருத்தும்போது கதவைத் திறந்துவைத்துத் திருத்து என்பது கோல்டு கற்பித்த பாடம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குறிப்பு எழுதியே எங்கள் விரல்கள் தேய்ந்தன. இந்த ஒரு பாடத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1967இல் அவருடைய கதை ஒன்றை முதன்முதலாக ஒரு பத்திரிகை விலைகொடுத்து வாங்கியது. முப்பத்தைந்து டாலர். 1970இல் மேன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பட்டமும், ஆசிரியராகும் தகுதிச் சான்றும் பெற்றார். வேலைதான் கிடைக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நின்றார். பிறகு பாங்கர் நகரில் ஒரு சலவைச்சாலையில் சேர்ந்தார். கடற்கரை உணவு விடுதிகளிலிருந்து வரும் மேசை விரிப்புகளில் புழு நெளியும். மருத்துவமனை விரிப்புகளில் இரத்தக் கறை. அவற்றை இயந்திரத்தில் ஏற்றி இறக்குவது வேலை. 1971 ஜனவரியில் டபிதா என்ற கவிதை எழுதும் பெண்ணை மணந்தார். இருவரும் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்தபோது அறிமுகமானவர்கள். அந்த அம்மையார் டோனட் கடையில் பிற்பகல் முறை வேலைக்குப் போனார். விரைவில் வீட்டில் இரண்டு குழந்தைகள்.

1971இன் இலையுதிர் காலத்தில் ஹாம்ப்டன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். சலவைச்சாலைக் கூலியோடு ஒப்பிட்டால் பெரிய தொகையாகத் தோன்றியது. ஆனால் பள்ளிக்கு வெளியே தயாரிக்க வேண்டிய பாடங்களையும் திருத்த வேண்டிய தாள்களையும் கணக்கில் சேர்த்தபோது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லையாம். இதைச் சொல்ல ஓர் அமெரிக்கர் வேண்டுமா? நம் ஆசிரியர் இல்லங்களில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள். கோடை விடுமுறையில் மீண்டும் சலவைச்சாலைக்கே போனார்.

குடும்பம் ஹெர்மன் என்ற சிற்றூரில், ஓரிடத்தில் செய்து இன்னோரிடத்துக்கு இழுத்துவந்து நிறுத்தும் ட்ரெய்லர் வீட்டில் குடியிருந்தது. கட்டணம் கட்ட இயலாமையால் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். இருந்த பழைய காரும் அடிக்கடி பழுதாயிற்று. காலையில் பள்ளி, ஒரு வகுப்பு முடிந்து மறு வகுப்பு, மாலையில் திரும்பிவந்தால் குழந்தைகள், இரவு உணவு, திருத்த வேண்டிய கட்டுரைகள். இவற்றுக்குப் பிறகு எஞ்சிய நேரமே எழுத்துக்கு. துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருந்த சிற்றறைக்குள் போய், குழந்தைகள் எழுதும் சிறு மேசை ஒன்றைத் தொடையின்மேல் தாங்கிக்கொண்டு, மனைவியின் ஒலிவெட்டி தட்டெழுத்துப் பொறியை அதன்மேல் வைத்துத் தட்டுவார். உலகின் பல கோடி மக்களை இரவில் விளக்கை அணைக்க அஞ்சச் செய்த கதைகள் இந்த அறையில் பிறந்தவை.

வெள்ளிக்கிழமை மாலை வரும்போது மூளையில் மிச்சம் ஒன்றும் இராது என்கிறார். மாணவர்கள்பால் அவருக்கு அன்பு இருந்தது. வேலையில் வெறுப்பு இல்லை. ஆயினும் எழுத்து தடைப்பட்டது. முப்பது ஆண்டு கழித்துத் தாம் எப்படி இருப்போம் என்று அக்காலத்தில் கற்பனை செய்து பார்ப்பாராம். முழங்கையில் ஒட்டுப்போட்ட அதே கோட்டு, சரிந்த வயிறு, இருமல், மேசை இழுப்பறையில் முடிவுபெறாத ஆறேழு கைப்பிரதிகள். பேய்க்கதை எழுதியவர் கண்ட உண்மையான பேய் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குடிப்பழக்கமும் இக்காலத்திலேயே வேரூன்றிற்று. அதிலிருந்து அவர் மீண்டது 1980களின் பிற்பகுதியில். இதை அவர் மறைக்கவில்லையாதலால் நானும் மறைக்கவில்லை.

அந்நாட்களில் பள்ளியில் சொற்போர்க் கழகப் பொறுப்பை ஏற்குமாறு அவரைக் கேட்டார்கள். ஆண்டுக்கு 300 டாலர் கூடுதல் ஊதியம். கடன்பட்ட குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மையார் கேட்டது ஒன்றுதான்: எழுத நேரம் இருக்குமா? அதிகம் இராது என்றார். அப்படியானால் ஏற்க வேண்டாம் என்று முடித்துவிட்டார். மேலே சொன்ன பதக்கத்தைப் பெற்ற மேடையில் கிங் இந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது இலக்கிய மன்றம், சாரணர், பழைய மாணவர் சங்கம் என்று ஆசிரியர்களின் தலையில் எத்தனையோ பொறுப்புகளைக் கட்டியிருக்கிறேன். அவற்றுக்குக் கூடுதல் ஊதியமும் கிடையாது. அவர்களில் எவராவது வீட்டில் ஒரு கைப்பிரதியை வைத்திருந்தாரா என்று நான் கேட்டதே இல்லை.

கதைகளுக்குச் சில பத்திரிகைகள் சன்மானம் அனுப்பின. பெரும்பாலும் ஆண்கள் படிக்கும் பத்திரிகைகள். நாம் வீட்டுக் கூடத்தில் போட்டுவைக்கக் கூடியவை அல்ல. அந்தக் காசு மருந்துக்கும் வாடகைக்கும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் பெண்குழந்தைக்குக் காதுவலி, காய்ச்சல். மருந்து வாங்கக் கையில் பணம் இல்லை. வீட்டுக்கு வந்தால் தபாலில் ஓர் உறை கிடந்தது. பிரித்தால் 500 டாலர் காசோலை. எங்கும் விலைபோகாது என்று அவரே கைவிட்ட நீண்ட கதை ஒன்றுக்கு வந்தது. அந்தக் கதை எதைப் பற்றியது தெரியுமா? ஓர் ஆங்கில ஆசிரியர். அவருடைய அண்ணனை முன்னொரு காலத்தில் கொன்ற போக்கிரிகள், செத்த பின்னும், அவர் வகுப்பிலேயே மாணவர்களாக வந்து உட்காருகிறார்கள். பள்ளியில் வேலை செய்பவருக்கே இத்தகைய அச்சம் தோன்றும்.

இனி 'கேரி' என்ற நாவல். ஒருமுறை ஓர் உயர்நிலைப் பள்ளியில் துப்புரவு வேலை செய்தபோது பெண்களின் குளியலறையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அது மனத்தில் நின்றது. மனவலிமையால் பொருள்களை அசைப்பது பற்றிப் பத்திரிகையில் படித்த கட்டுரை ஒன்றும் நின்றது. இரண்டும் சேர்ந்து ஒரு கதையாயின. சக மாணவிகளால் இழிவுபடுத்தப்படும் ஏழைப் பெண்ணொருத்தி. அவளுக்கு அந்த ஆற்றல் இருக்கிறது. மூன்று பக்கம் எழுதினார். பெண்பிள்ளைகளின் உலகம் தமக்குத் தெரியாது, அந்தப் பாத்திரத்தின்மேல் தமக்குப் பற்றும் இல்லை என்று கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டார். மறுநாள் குப்பையைக் கொட்டப்போன மனைவி அந்தத் தாள்களைக் கண்டார். சிகரெட்டுச் சாம்பலைத் தட்டிவிட்டு, சுருக்கங்களை நீவிப் படித்தார். மேலே என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாததை நான் சொல்லித்தருகிறேன் என்றார்.

அந்தப் பெண்ணை உருவாக்க, தம்மோடு பள்ளியில் படித்த இரண்டு பெண்களை நினைவுக்குக் கொண்டுவந்தார். அவர்களில் ஒருத்தி ஒன்றரை ஆண்டு நாள்தோறும் ஒரே உடையில் பள்ளிக்கு வந்தவள். அதற்காக எல்லாரும் எள்ளினார்கள். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் அவள் புதிய உடையும் புதிதாகச் சீர்செய்த கூந்தலுமாக, முகம் மலர்ந்து வந்தாள். இனியேனும் விட்டுவிடுவார்கள் என்று எண்ணியிருப்பாள். எள்ளல் குறையவில்லை, முன்னைவிடக் கூடிற்று. அவளுக்கென்று அவர்கள் வகுத்துவைத்த இடத்திலிருந்து அவள் வெளியே வரலாமா? சில நாட்களுக்குள் அந்த முகத்தின் ஒளி அணைந்துபோயிற்று. அந்த இரு பெண்களும் நாவல் எழுதப்படுமுன்பே இறந்துவிட்டார்கள். முப்பத்துமூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். இந்தப் பக்கத்தைப் படித்தபின் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே உலவிவிட்டு வந்தேன்.

கைப்பிரதி நியூயார்க்கில் டபிள்டே பதிப்பகத்துக்குப் போயிற்று. 1973ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஒருநாள், பாடமில்லாத வேளையில் ஆசிரியர் ஓய்வறையில் இருந்தபோது, அலுவலகத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது. ஓடினார். மறுமுனையில் மனைவி. வீட்டில் தொலைபேசி இல்லாததால் பதிப்பகத்தார் தந்தி அடித்திருந்தனர். அந்த அம்மையார் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து அதைப் படித்துச் சொன்னார். நாவலை ஏற்றுக்கொண்டோம், முன்பணம் 2,500 டாலர். ஐந்து மாதச் சம்பளத்துக்குச் சற்றே குறைவு. வேலையை விடுவதற்கு அது போதாது. பழைய காரை மாற்றினார்கள். பாங்கரில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு வந்தார்கள்.

அவ்வாண்டு மே மாதம், அங்கே அன்னையர் தினமாகக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமை. மனைவியும் குழந்தைகளும் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். தொலைபேசி ஒலித்தது. 'கேரி'யின் மலிவுப் பதிப்பு உரிமை 4,00,000 டாலருக்கு விற்றது என்றார் பதிப்பாசிரியர். நாற்பதாயிரமா என்று கேட்டாராம். இல்லை, நான்கு லட்சம். ஒப்பந்தப்படி பாதி அவருக்கு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தோர் ஆண்டுச் சம்பளம். கால்கள் துவள அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மனைவிக்கு ஏதாவது பரிசு வாங்க வேண்டுமென்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை, மருந்துக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கே அகப்பட்ட உயர்ந்த பொருள் கூந்தல் உலர்த்தும் கருவி. அதை வாங்கிக்கொண்டு வந்தார். செய்தியைக் கேட்ட மனைவி, தாங்கள் குடியிருந்த அந்த நான்கு சிற்றறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார்.

நாவல் 1974 ஏப்ரலில் வெளிவந்தது. கதைக்குக் கால் டாலர் கொடுத்த தாய் அதைப் புத்தகமாகப் பார்க்கவில்லை. புற்றுநோயால் அதற்குமுன் காலமாகிவிட்டார். எனினும், நோய்ப் படுக்கையில் இருந்தபோது உறவினர் ஒருவர் அந்தக் கதையை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

எழுத விரும்பும் இளைஞர்களுக்கு அவர் சொல்வதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தமக்கு நாளொன்றுக்கு 2,000 சொற்கள் என்றும், தொடக்க நிலையினர்க்கு 1,000 சொற்கள் போதும், வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொள்ளலாம் என்றும் கூறுகிறார். எழுதியதைத் திருத்தும்போது பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்கிறார். இந்த விதியும் பள்ளி நாட்களில் ஒரு மறுப்புச் சீட்டின் ஓரத்தில் யாரோ ஒரு பத்திராதிபர் கிறுக்கி அனுப்பியதுதான்.

பின்னர் சொல்வதாக ஒன்றை நிறுத்திவைத்தேன். 1994ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசைப் பையன் ஒருவன் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'வாசலில் நிற்பவர்' என்று தலைப்பு. பேய்க்கதை. நான்கு வரியை வகுப்பில் உரக்கப் படித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தக் குப்பையை எழுதுகிறவன் எழுவாய் பயனிலை தெரிந்துகொண்டானா என்று கேட்டேன். நோட்டை என் பீரோவில் போட்டேன். கேட்டால் கொடுக்கலாம் என்றிருந்தேன். அவன் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கும் வரவில்லை.

ஓய்வுபெற்ற நாளில் பீரோவைக் காலிசெய்தபோது அந்த நோட்டு அகப்பட்டது. வீட்டுக்கு எடுத்து வந்தேனே தவிரப் படிக்கவில்லை. கிங்கின் நூலை முடித்த பிறகே எடுத்துப் படித்தேன். இறந்துபோன தகப்பன் ஒவ்வோர் இரவும் வாசற்படியில் வந்து நிற்கிறான். உள்ளே வருவதில்லை. பள்ளிக்கூடத்துப் பணம் கட்டியாயிற்றா என்று கேட்கிறான். பையன் ஆயிற்று என்று பொய் சொல்கிறான். தகப்பன் போய்விடுகிறான்; மறுநாளும் வருகிறான். எழுத்துப்பிழைகள் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பொய்யைப் பையன் நான்காவது முறை சொல்லுமிடத்தில் எனக்கு உடம்பு நடுங்கிற்று. அந்தப் பையனின் தந்தை அவ்வாண்டின் தொடக்கத்தில் இறந்தது எனக்கு அப்போதே தெரியும். வருகைப் பதிவேட்டில் அவன் வராத பத்து நாட்களுக்கு எதிரே காரணத்தை எழுதியவன் நானே.

கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. நான் நோட்டைப் பிடுங்கிய இடம் அது. அவனோடு படித்தவர்களை விசாரித்ததில், அவர் இப்போது வெளியூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறார், அவருக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள் என்று தெரியவந்தது. தொலைபேசியில் பேசினேன். என் குரலைக் கேட்டதும், "சார், உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்களா?" என்று நலம் விசாரித்தார். நோட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வருகிற மாதம் நேரில் வருவதாக மட்டும் சொல்லியிருக்கிறேன். பையில் எடுத்துவைத்துவிட்டேன்.